ஒயரில் தொலையும் வெளிச்சம்

பழைய புல்லட் வைத்திருப்பவர்களிடம் பேசினால் அநேகமாக ஒரே புகாரைத்தான் கேட்கலாம். ராத்திரியில் ஹெட்லைட் மஞ்சளாக எரிகிறது. ஹாரன் அடித்தால் அந்த மஞ்சளும் மங்குகிறது. நாலு நாள் வண்டியை எடுக்காவிட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. வைத்தியமும் ஒரே வரிசையில்தான் நடக்கும். முதலில் புது பேட்டரி. அதுவும் சில மாதங்களில் படுத்துவிட்டால் ஆல்டர்னேட்டரைக் கழற்றிக் காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோவார்கள். அதிலும் தீராவிட்டால், “இந்த வண்டிக்கு எலெக்ட்ரிக்கல் இப்படித்தான்” என்று கைவிட்டுவிடுவார்கள். இத்தனைக்கும் நடுவே ஒயரின் முறை வருவதே இல்லை. முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஆலையில் பூட்டிய அதே ஒயர், இடையிடையே டேப் சுற்றிய ஒட்டுகளோடு, டாங்கிக்கு அடியில் கிடக்கும்.

பழைய மோட்டார் சைக்கிள்களில் மின்சாரம் உற்பத்தியாகாமல் போவதைவிட, உற்பத்தியானது சேரவேண்டிய இடத்துக்குச் சேராமல் வழியிலேயே சூடாகித் தீர்ந்துபோவதே அதிகம். அதனால் பெரிய ஆல்டர்னேட்டருக்கு விலை கேட்பதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டரும் சில மீட்டர் நல்ல ஒயரும் வாங்குவதே புத்திசாலித்தனம் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை அந்த வண்டியின் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

புல்லட் என்ற பெயர் 1932-ல் இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில் பிறந்தது. அந்தப் பரம்பரையில் வந்த 350 சிசி மாடலை இந்திய ராணுவம் விரும்பியது. அந்தத் தேவையை ஒட்டி 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிட்சின் என்ஃபீல்டு கம்பெனியும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை வந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. சில ஆண்டுகளில் அச்சுகளும் எந்திரங்களும் வந்து எல்லாமே இங்கேயே உற்பத்தியாகத் தொடங்கின. ரெடிட்ச் ஆலை 1967-ல் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூர் நிற்கவில்லை. ஆக, 1950-களின் பிரிட்டிஷ் வடிவமைப்பு ஒன்று தன் தாய்நாட்டில் மறைந்த பிறகும் பல பத்தாண்டுகள் தமிழ்நாட்டுச் சாலைகளில் புதிதாக இறங்கிக்கொண்டிருந்தது. மற்ற நாடுகளில் அருங்காட்சியகத்துக்குரிய மின்சுற்றுப் பிரச்சினைகள் நம் ஊர் மெக்கானிக் கடைகளில் இன்றும் அன்றாட வேலையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் மின்சாதனங்கள் பர்மிங்காமின் லூகாஸ் கம்பெனியுடையவை. அந்தப் பெயர் சென்னைக்கும் பழக்கமானது. பாடியில் 1961-ல் லூகாஸ் டிவிஎஸ் தொடங்கப்பட்டது. 1950-களின் முற்பகுதி வரை மோட்டார் சைக்கிள்களில் இருந்தது டைனமோ. கார்பன் பிரஷ், காம்யூட்டேட்டர் எல்லாம் தேயும். 60 வாட் கொடுத்தாலே பெரிய விஷயம். அதற்குப் பிறகு வந்ததுதான் ஆல்டர்னேட்டர். இன்றும் பல பழைய புல்லட் முதலாளிகள் அதை டைனமோ என்றே சொல்கிறார்கள், ஆனால் உள்ளே நடப்பது வேறு. டைனமோவில் காயில் சுற்றும், காந்தம் நிற்கும். ஆல்டர்னேட்டரில் காந்தம் சுற்றும், காயில் நிற்கும். கிராங்க் ஷாஃப்டின் இடது முனையில், பிரைமரி செயின் மூடிக்குள் ரோட்டர் உட்கார்ந்திருக்கும். அதைச் சுற்றி ஸ்டேட்டர். தேய்வதற்கு எதுவுமில்லை.

மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டது இதுதான்: காயிலின் ஊடாகக் காந்தப்புலம் மாறினால் அதில் மின்னழுத்தம் பிறக்கும். எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு அதிகமாகப் பிறக்கும். லூகாஸ் ரோட்டரில் ஆறு காந்தத் துருவங்கள். ஒரு சுற்றுக்கு மூன்று முழு அலைகள். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால் விநாடிக்கு 50 சுற்று. அப்போது வெளியே வருவது 150 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரம். எஞ்சின் வேகம் இரட்டித்தால் மின்னழுத்தமும் இரட்டிக்கும். எதையும் இணைக்காமல் வெறுமனே அளந்தால் வேகமான ஓட்டத்தில் பல பத்து வோல்ட் காட்டும்.

இந்த இடத்தில் ஓர் அழகான விஷயம் இருக்கிறது. வேகம் கூடும்போது மின்னழுத்தம் கூடுகிறது; ஆனால் அதே வேகத்தால் அலைகளின் எண்ணிக்கையும் கூடுவதால், காயிலின் தூண்டல் எதிர்ப்பும் அதே விகிதத்தில் கூடுகிறது. ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிட, வெளியே வரும் ஆம்பியர் ஓர் அளவுக்கு மேல் ஏறுவதில்லை. நிரந்தரக் காந்த ஆல்டர்னேட்டர் தன் மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. அதனால்தான் 6 வோல்ட்டுக்கு என்று செய்த ஸ்டேட்டரை 12 வோல்ட் பேட்டரியோடு இணைத்தாலும் அது சார்ஜ் செய்யும். எத்தனை வோல்ட் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பேட்டரிதான். ஆல்டர்னேட்டர் கொடுப்பது ஆம்பியர். இதைப் புரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சமாகும். 6 வோல்ட்டிலிருந்து 12-க்கு மாற வேண்டுமென்றால் ஸ்டேட்டரையே மாற்றியாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் லூகாஸ் ஸ்டேட்டருக்கு அது அவசியமில்லை. அதன் காயில்களை எல்லாம் நிரந்தரமாக ஒன்றுசேர்த்து, உரிய ரெகுலேட்டரை வைத்தால் போதும்.

ஏன் ஒன்றுசேர்க்க வேண்டும்? ஏனென்றால் பழைய முறையில் அவை பிரிந்திருந்தன. ரெகுலேட்டர் என்று தனியாக ஒன்று அந்த 6 வோல்ட் வண்டியில் கிடையாது. லைட் சுவிட்சே ரெகுலேட்டர் வேலையையும் பார்த்தது. பகலில் லைட் அணைந்திருக்கும்போது ஸ்டேட்டரின் ஒரு ஜோடிக் காயில் மட்டும் சார்ஜ் செய்யும். மீதிக் காயில்களைச் சுவிட்ச் குறுக்கே இணைத்து அடக்கிவைக்கும். பார்க்கிங் விளக்கைப் போட்டால் அந்தக் குறுக்கிணைப்பு விடுபடும். ஹெட்லைட்டைப் போட்டால் எல்லாக் காயில்களும் களத்தில் இறங்கும். டிரான்சிஸ்டர் வண்டிகளுக்குள் வராத காலத்தில் மூன்று ஒயர்களையும் ஒரு சுவிட்சையும் வைத்து இவ்வளவு செய்தவர்களின் மூளையை மெச்சத்தான் வேண்டும். ஆனால் அதற்காக ஆல்டர்னேட்டரின் மின்சாரம் எஞ்சினிலிருந்து புறப்பட்டு, ஹெட்லைட் வரை ஏறிச் சுவிட்சைத் தொட்டு, மறுபடி சீட்டுக்கு அடியில் இருக்கும் ரெக்டிஃபையருக்கு இறங்க வேண்டியிருந்தது. 1970-களின் ஜப்பான் வண்டிகளிலும் இதே உத்தியின் சாயல் உண்டு. சுசுகி ஜிஎஸ் வரிசையில் ஸ்டேட்டரின் மூன்று கால்களில் ஒன்று லைட் சுவிட்ச் வழியாகச் சுற்றிவிட்டே ரெக்டிஃபையருக்குப் போகும். அந்தச் சுற்றுப்பாதையை வெட்டி நேராக இணைப்பதே அந்த வண்டிக்காரர்கள் செய்யும் முதல் வேலை.

ரெக்டிஃபையர் என்பது மாறுமின்சாரத்தை ஒரே திசையில் திருப்பும் சாதனம். பேட்டரிக்கு நேர்மின்சாரம்தான் ஏறும். அன்று அது செலினியம் பூசிய சதுரத் தகடுகளின் அடுக்கு. நடுவே ஒரு போல்ட். அந்த அடுக்கை இறுக்கிப் பிடிக்கும் நட்டைத் திருகினால் பூச்சு நசுங்கி ரெக்டிஃபையர் வீணாகும். எரிந்தாலோ தாங்க முடியாத துர்நாற்றம் வரும், அந்தப் புகை நஞ்சும்கூட. இன்று தீப்பெட்டி அளவுகூட இல்லாத சிலிக்கான் பிரிட்ஜ் ஒன்று அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்கிறது. செலினியம் ரெக்டிஃபையரை அப்படியே வைத்துக்கொண்டு மற்றவற்றைப் புதுப்பிப்பதில் அர்த்தமில்லை. தோற்றத்துக்காக வேண்டுமானால் அதன் இடத்திலேயே பூட்டிவைத்து, இணைப்பை மட்டும் எடுத்துவிடலாம்.

ரெக்டிஃபையரிலிருந்து பேட்டரிக்கு அடுத்தடுத்த தூரம்தான். இரண்டும் சீட்டை ஒட்டியே இருக்கின்றன. ஆனால் மின்சாரம் அப்படிப் போகாது. நடுவே ஆம்பியர் மீட்டர் இருக்கிறது. அது இருப்பது ஹெட்லைட் கூட்டின் மேல். ஆகவே மறுபடியும் முன்னே ஏறி, மீட்டரைக் கடந்து, மறுபடியும் பின்னே இறங்கி பேட்டரிக்கு வர வேண்டும். வழியில் ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் ஒவ்வொரு வளைவிலும் ஒயர் மடங்கி நிமிர்கிறது. இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. வெளியே பிளாஸ்டிக் உறை முழுசாக இருக்கும். உள்ளே பாதி இழைதான் மிச்சம்.

இதனால் என்ன நஷ்டம் என்பதைக் கணக்கில் பார்ப்போம். 6 வோல்ட், 36 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று 6 ஆம்பியர் இழுக்கும். எரியும்போது அதன் மின்தடை 1 ஓம். அதற்குப் போகும் பாதையில் ஒயர், சுவிட்ச், இணைப்புகள், எர்த் எல்லாம் சேர்ந்து வெறும் 0.1 ஓம் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 0.1 ஓம் என்பது சாதாரண மீட்டரில் ஒழுங்காக அளக்கவே முடியாத அளவு. ஆனால் பல்புக்குப் போய்ச் சேருவது 6 வோல்ட்டுக்குப் பதில் சுமார் 5.45 வோல்ட். ஒன்பது சதவீதம்தானே குறைந்தது என்று விட முடியாது. டங்ஸ்டன் இழையின் வெளிச்சம் மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 3.4-ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறும். அந்த ஒன்பது சதவீதம் வெளிச்சத்தில் கால் பங்குக்கும் மேல் எடுத்துக்கொண்டு போய்விடும். குறைந்த சூட்டில் எரிவதால் நிறமும் மஞ்சளாகும். அதே 36 வாட்டை 12 வோல்ட்டில் எரித்தால் 3 ஆம்பியர்தான். பல்பின் தடை 4 ஓம். அதே 0.1 ஓம் பாதையில் இழப்பது 0.3 வோல்ட்டுக்கும் குறைவு, வெளிச்சத்தில் எட்டு சதவீதம். 12 வோல்ட்டுக்கு மாறுவதன் உண்மையான ஆதாயம் இங்கேதான் இருக்கிறது. ஆல்டர்னேட்டர் பலசாலியாகிவிடுவதில்லை, பாதையின் குற்றங்கள் மன்னிக்கத்தக்கவையாகின்றன.

அந்த 0.1 ஓம் எங்கிருந்து வருகிறது? செம்பு அவ்வளவு கெட்டதல்ல. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்பு ஒயர் மீட்டருக்கு 0.0175 ஓம்தான் தடுக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால் 0.007. குற்றவாளி, களிம்பு. செம்பு ஈரக்காற்றில் பச்சை பூத்துக் களிம்பேறுவது நம் வீட்டுப் பாத்திரங்களிலேயே தெரிந்ததுதான். திருவொற்றியூர் முதல் நாகப்பட்டினம், தூத்துக்குடி வரை கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. உறையின் வெட்டுமுனையில் நுழையும் ஈரம், இழைகளுக்கு நடுவே தந்துகி விசையால் ஊர்ந்து உள்ளே நெடுந்தூரம் போகும். பழைய ஒயரின் உறையைச் சீவிப் பார்த்தால் செம்பு நிறம் போய்க் கறுத்திருக்கும். அதில் புது டெர்மினலை எப்படி அழுத்தினாலும் நல்ல தொடுகை கிடைக்காது, ஈயமும் ஒட்டாது. இந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டால் அந்த ஒயரை மாற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது. ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்வதெல்லாம் சில வாரத்துக்குத்தான்.

இனி ரெகுலேட்டருக்கு வருவோம். இந்தக் கதையில் அதிகம் பழி சுமப்பது அதுதான். 12 வோல்ட்டுக்கு வந்த 1960-களின் பிரிட்டிஷ் வண்டிகளில் லூகாஸ் வைத்தது ஜீனர் டயோடு. கிளாரன்ஸ் ஜீனர் 1934-ல் விளக்கிய மின்முறிவின் பெயரால் வந்த சாதனம் அது. மின்னழுத்தம் 14 வோல்ட்டுக்கு மேல் ஏறத் தொடங்கியதும் அது திறந்து, மிச்ச மின்சாரத்தைத் தன் வழியே எர்த்துக்கு விட்டு, வெப்பமாக்கிக் காற்றில் கரைக்கும். அதற்காகவே ஹெட்லைட்டுக்குக் கீழே, எதிர்க்காற்று படும் இடத்தில் அலுமினியத் துண்டோடு பொருத்தினார்கள். பின்னால் வந்த ஷண்ட் வகை ரெகுலேட்டரும் ஒருவிதத்தில் இதே குணம்தான்: பேட்டரி நிறைந்ததும் ஸ்டேட்டரின் முனைகளைக் குறுக்கே இணைத்துவிடும். மொட்டை மாடித் தொட்டி நிரம்பிய பிறகும் மோட்டாரை நிறுத்தாமல் வழியவிடுவதைப் போன்றது இது. தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்டேட்டர் முழுப் பாரத்தில் சூடாகிக்கொண்டே இருக்கும். சீரிஸ் வகை ரெகுலேட்டர் அப்படியல்ல. தேவையில்லாதபோது இணைப்பைத் துண்டித்துவிடும், ஸ்டேட்டர் குளிர்ந்து கிடக்கும். ஷிண்டென்கன் கம்பெனியின் எஸ்எச்775 இந்த வகைக்குப் பேர்போனது. மூன்று கட்ட ஸ்டேட்டர் உள்ள 1970, 80-களின் ஜப்பான் வண்டிகளுக்குப் பலரும் அதைத் தேடி வாங்குகிறார்கள். பழைய ஸ்டேட்டரின் இன்சுலேஷன் வார்னிஷுக்குச் சூடுதான் எமன் என்பதால், செலவழிக்கப் பணமிருந்தால் என் வாக்கு சீரிஸ் வகைக்கே.

ஆனால் எந்த ரெகுலேட்டரை வாங்கினாலும் அது பேட்டரியை நேரில் பார்ப்பதில்லை. ஒயர் வழியாக வந்து சேரும் மின்னழுத்தத்தையே பேட்டரியின் நிலை என்று நம்புகிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் இறுத்திக்கொண்டால் சார்ஜிங் கோளாறுகளில் பெரும்பாலானவை விளங்கிவிடும். ரெகுலேட்டர் தன் வெளியீட்டு முனையிலேயே அளந்துகொள்ளும் வகையைச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அங்கே 14.4 வோல்ட் இருந்தால் அதற்குத் திருப்தி. அங்கிருந்து பேட்டரிக்குப் போகும் பாதையில் 0.8 வோல்ட் தொலைந்தால் பேட்டரிக்குக் கிடைப்பது 13.6. அது ஒருபோதும் முழுசாக நிறையாது. தகடுகளில் சல்ஃபேட் படிந்து சில மாதங்களில் சாகும். இன்னொரு வகை ரெகுலேட்டருக்கு அளப்பதற்கென்றே தனி மெல்லிய ஒயர் ஒன்று உண்டு. பெரும்பாலும் சாவி சுவிட்சுக்குப் பிறகு அதை இணைப்பார்கள். அந்தச் சுவிட்சின் தொடுகையில் களிம்பேறி 0.8 வோல்ட் தொலைந்தால், பேட்டரியில் 14.4 இருக்கும்போது ரெகுலேட்டர் 13.6 என்று எண்ணி மேலும் ஏற்றும். பேட்டரி 15.2 வோல்ட்டுக்குப் போய்விடும். தண்ணீர் வற்றும், பல்புகள் அடிக்கடி போகும். இரண்டு வண்டியிலும் நோய்க்குக் காரணம் களிம்புதான். ஒன்றில் பேட்டரி பட்டினியால் சாகிறது, மற்றதில் அதிகம் ஊட்டியே சாகிறது. இரண்டிலும் ரெகுலேட்டரைத்தான் மாற்றுகிறார்கள். கோளாறு அப்படியே இருக்கிறது.

நம் ஊர் வெயிலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஈய அமில பேட்டரிக்கு ஏற்றவேண்டிய மின்னழுத்தம் வெப்பநிலை கூடக் கூடக் குறைய வேண்டும். ஆறு செல் பேட்டரிக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.02 வோல்ட். 25 டிகிரிக்கு 14.4 சரியென்றால், மே மாதத்து 40 டிகிரியில் 14.1 போதும். குளிர்நாட்டுக்கென்று 14.8-ல் அமைத்த ரெகுலேட்டரை வாங்கிப் பூட்டினால் இங்கே அது பேட்டரியைக் காய்ச்சிவிடும். வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வி இது.

அளப்பது எப்படி என்று பார்ப்போம். பாதையின் ஓமை அளக்க முயல வேண்டாம். மின்சாரம் ஓடும்போது எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்பதை அளக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, 2500 அல்லது 3000 சுற்றில் பிடித்துக்கொண்டு, மீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டரின் பாசிடிவ் வெளியீட்டிலும் மறுமுனையை பேட்டரியின் பாசிடிவ் முனையிலும் வைக்க வேண்டும். பாதை சுத்தமாக இருந்தால் மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் காட்டும். பிறகு நெகடிவ் பக்கம்: ரெகுலேட்டரின் உடலிலிருந்து பேட்டரி நெகடிவ் வரை. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். போன மின்சாரம் திரும்பி வந்தால்தானே சுற்று முடியும்? அதற்கும் அதே 0.2 எல்லை. கடைசியாக பேட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே அளந்தால் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். இந்த மூன்று அளவையும் எடுக்கப் பத்து நிமிஷம் போதும். இவற்றை எடுக்காமல் யாராவது ‘காயில் போச்சு’ என்று சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

அளவு எடுக்கும்போது எக்காரணம் கொண்டும் பேட்டரியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டக் கூடாது. மேலே சொன்னபடி இந்த ஆல்டர்னேட்டருக்கு வோல்ட்டைப் பிடித்துவைப்பதே பேட்டரிதான். அது இல்லாவிட்டால் மின்னழுத்தம் எகிறி எரிகிற பல்புகள் எல்லாம் ஒரே நொடியில் போகும்.

புது ஒயரிங்கில் முதல் மாற்றம் பாதையைச் சுருக்குவது. ஸ்டேட்டரிலிருந்து நேராக ரெகுலேட்டர்; ரெகுலேட்டரிலிருந்து நேராக பேட்டரி; நடுவே ஒரு ஃப்யூஸ். ஹெட்லைட்டுக்கு ஏறி இறங்கும் பயணம் முடிந்தது. 10 ஆம்பியர் வரை வரும் ஆல்டர்னேட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரும் 15 ஆம்பியர் ஃப்யூஸும் சரி. ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரைத்தான், பல்பை அல்ல. ஆகவே அது பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும். உறை தேய்ந்து எங்காவது சேசிஸில் உரசினால் ஒரு சின்ன பேட்டரிகூட நூறு ஆம்பியருக்கு மேல் கொட்டும்; டாங்கிக்கு அடியில் அது நடப்பதை யாரும் விரும்பமாட்டார்கள். வீட்டுக்குப் போடும் ஒயரை இங்கே பயன்படுத்தக் கூடாது. தடித்த சில இழைகளே உள்ள அது அதிர்வில் முறியும். மெல்லிய இழைகள் பல சேர்ந்த வாகன ஒயர்தான் வேண்டும். வெள்ளீயம் பூசிய செம்பு கிடைத்தால் கடலோரத்துக்கு அதைவிட நல்லது கிடையாது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ தேடினால் நிறம் வாரியாகக் கிடைக்கும்.

ஈயம் வைப்பதா, கிரிம்ப் செய்வதா என்ற வாக்குவாதம் ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பிலும் நடக்கிறது. ஒற்றை சிலிண்டர் புல்லட்டின் அதிர்வைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமில்லை. ஈயம் இழைகளுக்குள் ஊறி ஒயரைக் கம்பிபோல் விறைக்கச் செய்கிறது. விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் இடத்தில் அதிர்வு முழுவதும் குவிந்து, அங்கேயே முறிகிறது. அளவுக்கேற்ற நல்ல கிரிம்பிங் டூலால் அழுத்திய டெர்மினல், மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் என்பதே நீண்ட நாள் நிற்கும். குறட்டால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. ஸ்டேட்டர் பக்கத்து பிளாஸ்டிக் கனெக்டர்களில் தனிக் கவனம் வேண்டும். அங்கே 15 ஆம்பியர் ஓடும் ஜப்பான் வண்டியில் ஒரு தொடுகை 0.1 ஓம் தடுத்தால், அந்தப் புள்ளியில் மட்டும் 22.5 வாட் சூடு. கனெக்டர் உருகிப் பழுப்பாகிக் கிடப்பது இதனால்தான்.

புதுப்பித்த வண்டிகளில் நான் பார்க்கும் பெரிய துயரம் எர்த் விஷயம். சேசிஸைக் கழற்றி, பவுடர் கோட்டிங் கொடுத்து, பளபளவென்று பூட்டுவார்கள். அதற்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த லைட்டுகூட எரியாது. பவுடர் கோட்டிங் என்பது பிளாஸ்டிக். மின்சாரம் அதைத் தாண்டாது. பழைய வண்டி சேசிஸின் இரும்பையே திரும்பும் பாதையாக நம்பி இருந்தது. அழகு கெடாமல் இதைச் சரிசெய்ய ஒரே வழி, நெகடிவுக்கும் தனி ஒயர் இழுப்பது. பேட்டரி நெகடிவிலிருந்து எஞ்சின் போல்ட்டுக்கு ஒரு தடித்த ஒயர், ரெகுலேட்டருக்கு ஒன்று, ஹெட்லைட் கூட்டுக்கு ஒன்று. ஹெட்லைட்டின் மின்சாரம் ஹேண்டில்பாரின் குண்டுகள், கிரீஸ் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அதோடு முடியும்.

ஹெட்லைட்டுக்கு ஒரு ரிலே வைத்தால் மீதிப் பாதையும் சுருங்கும். பல்பின் மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ரிலே வழியாக நேராகப் போகும். பழைய சுவிட்ச், ரிலேயின் காயிலுக்கு வேண்டிய கால் ஆம்பியருக்கும் குறைவானதை மட்டும் சுமக்கும். கிடைப்பதற்கரிய பழைய சுவிட்சும் பிழைக்கும். 35 வாட் பல்போடு இதைச் செய்து பார்த்தவர்களுக்கு 60 வாட் பல்பு வாங்கும் ஆசையே வராது. அப்படி வாங்கினால் ஸ்டேட்டர் தாங்காது என்பது வேறு விஷயம்: பாயிண்ட் வகை இக்னிஷன் காயில் சராசரியாக 20 வாட்டுக்கு மேல் எடுக்கும், பின்விளக்கு 5, பிரேக்கை மிதித்தால் இன்னொரு 21. எல்இடி போட்டால் பாரம் குறையும், உண்மை. பின்விளக்குக்கும் இண்டிகேட்டருக்கும் தாராளமாகப் போடலாம். ஆனால் பழைய ஹெட்லைட்டின் குழிந்த கண்ணாடி, ஒரு சின்ன இழையிலிருந்து வரும் வெளிச்சத்துக்காக வடிக்கப்பட்டது. அதில் மலிவான எல்இடி பல்பைச் செருகினால் வெளிச்சம் சாலையில் விழாமல் சிதறி எதிரே வருபவர் கண்ணில் விழும். அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஆம்பியர் மீட்டரை என்ன செய்வது? புல்லட்காரர்களுக்கு அது வெறும் மீட்டரல்ல. கிக்கரை மெல்ல அழுத்தும்போது பாயிண்ட் மூடியிருந்தால் இக்னிஷன் காயில் மின்சாரம் இழுக்கும், முள் இடப்பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதை அந்த முள் சொல்ல, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துச் சற்றே தாண்டவிட்டு ஓங்கி ஒரு உதை. முரட்டு எஞ்சினை ஒரே கிக்கில் எழுப்பும் அந்த வித்தையை இழக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. சார்ஜிங் பாதையை நேராக பேட்டரிக்குக் கொண்டுபோன பிறகும், இக்னிஷனுக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் மீட்டர் வழியாக விடலாம். அது சார்ஜைக் காட்டாது, செலவை மட்டும் காட்டும். கிக்கருக்கு வேண்டியதும் அதுதானே. பேட்டரியின் நிலையை அறிய ஹேண்டில்பார் மறைவில் ஒரு சின்ன வோல்ட் மீட்டர் போதும்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் பார்த்துவிட வேண்டியது துருவம். அக்காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் பாசிடிவ்தான் எர்த். இன்றைய ரெகுலேட்டர், எல்இடி எல்லாம் நெகடிவ் எர்த்துக்கே செய்தவை. மாற்றிக் கொடுத்தால் உள்ளிருக்கும் டயோடுகள் அந்தக் கணமே போய்விடும். பாசிடிவ் எர்த் வண்டியை நெகடிவுக்குத் திருப்பும்போது ஆம்பியர் மீட்டரின் இரு ஒயர்களையும் இடம் மாற்றிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முள் தலைகீழாகப் பேசும். இக்னிஷன் காயிலின் முனைகளையும் அதேபோல் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிளக்கில் பொறியின் திசை மாறி, அது பாய்வதற்கு அதிக மின்னழுத்தம் தேவைப்படும். இவ்வளவையும் முடித்த பிறகு எந்த நிறம் எங்கே போகிறது, எந்த ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர், மூன்று அளவுகளிலும் மீட்டர் என்ன காட்டியது என்று ஒரு தாளில் படம் போட்டு டூல் பாக்ஸில் வைத்துவிட வேண்டும். ஒரு மழைக்காலம் கழித்து அதே மூன்று இடங்களில் மறுபடி அளந்தால், எந்தப் பக்கம் 0.2-ஐத் தாண்டியிருக்கிறது என்பது தெரியும். அந்தப் பக்கத்து டெர்மினல்களை மட்டும் பிரித்துச் சுத்தம் செய்தாலோ வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்தாலோ போதும். அரை மணி நேர வேலை.